உறைபனி ராத்திரியும் திராட்சைத் தோட்டமும்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல நியூசிலாந்து தெற்குத் தீவுல இருக்கற சென்ட்ரல் ஒடாகோ பத்தி எழுதியிருந்தேன். சுத்தி மலை, நடுவுல பள்ளம், அந்தப் பள்ளத்துல ஒயின் திராட்சை, அதை மண்ணையும் தண்ணியையும் கெடுக்காம எப்படி வளர்க்கறாங்கன்னு ஒரு பக்கம். அங்க இருக்கற குரோம்வெல்ங்கற ஊர்ப் பக்கம் ஒன்பது சீசன் தோட்ட வேலை பார்த்தவன்ங்கறதால தெரிஞ்சதை எழுதினேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பார்க்கல, அதுல பாதி பேர் என்னை வம்புக்கு இழுத்துதான் கேட்டிருக்கீங்க. பரவாயில்ல, நியாயமான வம்புதான்.

கேள்வி: எந்த நியூசிலாந்து ஒயின் பாட்டிலைத் திருப்பினாலும் 'சஸ்டெய்னபிள்'னு போட்டிருக்கு. எல்லாருமே நல்லவங்கன்னா யாரு கெட்டவங்க? ஆர்கானிக்கும் இதுவும் ஒண்ணா? (ஆக்லாந்துல இருந்து ஒரு அக்கா)

அக்கா, ரெண்டும் ஒண்ணு இல்ல. நியூசிலாந்துல ஒயின்காரங்க சங்கமே நடத்தற ஒரு சான்றிதழ் திட்டம் இருக்கு, 1995-ல சின்னதா சோதனை மாதிரி ஆரம்பிச்சது, இன்னிக்கு நாட்டோட திராட்சைப் பரப்புல 96 சதவீதத்துக்கு மேல அதுக்குள்ள வந்தாச்சு. தண்ணி எவ்வளவு விட்டோம், மருந்து என்னிக்கு என்ன அடிச்சோம், குப்பை எங்க போச்சு, டீசல் எவ்வளவு எரிச்சோம், வேலைக்காரங்களை எப்படி நடத்தறோம்னு எல்லாத்தையும் எழுதி அனுப்பணும். மருந்து அடிச்ச டைரி இல்லாம ஒண்ணும் நடக்காது, அப்பப்போ ஆள் நேர்ல வந்தும் பார்ப்பாங்க. ஆனா ரசாயன மருந்து அடிக்கவே கூடாதுன்னு அது சொல்லாது. அனுமதிச்சதை, தேவைப்படறப்போ, கணக்கு வச்சு அடின்னுதான் சொல்லும். ஆர்கானிக் வேற வீடு. களைக்கொல்லி கிடையாது, செயற்கை உரம் கிடையாது, மாறின நாள்ல இருந்து மூணு வருஷம் காத்திருந்தாத்தான் முத்திரை. பயோடைனமிக், அதாவது ஆர்கானிக்கோட சேர்த்து நிலா நாள் பார்த்து, மூலிகை எருக் கலவை போட்டு வளர்க்கறது, அதுக்கும் மேல ஒரு மாடி, பானக்பர்ன்ல ஃபெல்டன் ரோடு, வனாக்கால ரிப்பன் எல்லாம் அந்த வழியில போறவங்க.

96 சதவீதம் பேர் பாஸ் ஆகற பரீட்சையில பாஸ்னு சொல்றதுல பெருமை என்ன இருக்குன்னு கேட்டீங்கன்னா, நீங்க கேட்டது சரிதான். அது தரைமட்டம், எல்லாரும் அதுக்குக் கீழ போகாம பார்த்துக்கறதுக்கு. ஒரு தோட்டம் உண்மையிலேயே எப்படின்னு தெரியணும்னா நான் முத்திரையைப் பார்க்க மாட்டேன், ரெண்டு கேள்விதான் கேட்பேன். உறைபனி விழற ராத்திரியில என்ன பண்றீங்க, தண்ணி எங்கருந்து வருது. கீழ வர்ற பதில்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டையும் சுத்தித்தான்.

கேள்வி: அவ்வளவு குளிர்ற இடத்துல எதுக்குய்யா திராட்சை? வெயில் அடிக்கற ஊர்ல போட வேண்டியதுதானே? (வெலிங்டன்ல இருந்து ஒருத்தர்)

குளிர்றதுனாலதான். சென்ட்ரல் ஒடாகோ தெற்கு அட்சம் 45 டிகிரியில இருக்கு, உலகத்துலயே ரொம்பத் தெற்க இருக்கற ஒயின் பகுதிகள்ல ஒண்ணு. மேற்க நியூசிலாந்தோட சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடர் நிக்குது, கடல்ல இருந்து வர்ற மேகமெல்லாம் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துட்டு காலியாத்தான் இந்தப் பக்கம் வரும். மில்ஃபோர்ட் சவுண்டுல வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, அங்கருந்து காக்கா பறக்கற தூரத்துல இருக்கற குரோம்வெல், அலெக்சாண்ட்ரால எல்லாம் 350-லருந்து 400 மில்லிமீட்டர்தான். மலை குடை பிடிச்ச மாதிரி. கோடையில பகல் 30 டிகிரி தாண்டும், ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம வெளிய நிக்க முடியாது. பகல் வெயில்ல சர்க்கரை ஏறும், ராத்திரி குளிர்ல பழத்துல இருக்கற புளிப்பு கரையாம அப்படியே நிக்கும். நம்ம கதையில நரி சொன்ன மாதிரி இந்தப் பழம் நிஜமாவே கொஞ்சம் புளிக்கத்தான் செய்யும், ஒயின்காரங்களுக்கு அதுதான் வேணும். போட்டிருக்கறதுல பெரும்பங்கு பினோ நுவார்ங்கற ரகம், தோல் மெலிசு, மனசும் மெலிசு, சூட்டு ஊர்ல போட்டா ஜாம் மாதிரி ஆயிடும்.

இன்னொரு விஷயம், மழை கம்மின்னா பூஞ்சை கம்மி. ஈரமான ஊர்ல வாரா வாரம் மருந்து அடிக்கறவங்க படற பாட்டுல பாதி இவங்களுக்கு இல்ல. சோ அந்தப் பள்ளத்தாக்குல பாதி சஸ்டெய்னபிலிட்டி இயற்கை இனாமா குடுத்தது, மீதி பாதிக்கு அதே இயற்கை வட்டி போட்டு வசூல் பண்ணுது, உறைபனியாவும் தண்ணித் தட்டுப்பாடாவும்.

கேள்வி: யூட்யூப்ல பார்த்தேன், விடியக்காலையில தோட்டத்துக்கு மேல ஹெலிகாப்டர் சுத்துது. டீசலைக் கணக்கு பண்றவங்க ஹெலிகாப்டர் விடறாங்களாம்! இது எந்த ஊர் நியாயம்? (கிறைஸ்ட்சர்ச் தம்பி ஒருத்தர்)

தம்பி, நல்லா மாட்டிவிட்டீங்க.

முதல்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். குளிர்காலம் பிரச்னையே இல்ல, ஜூன் ஜூலையில கொடி தூங்குது, மைனஸ் பத்து போனாலும் அது அசராது. அங்க வசந்தம் செப்டம்பர்ல, அப்போ மொட்டு உடைஞ்சு துளிர் வரும், பினோ நுவார் வேற அவசரக்குடுக்கை, சீக்கிரமே துளிர் விட்டுரும். அந்தப் பச்சைத் துளிருக்கு மைனஸ் ஒண்ணு, ரெண்டு டிகிரியே போதும், காலையில பார்த்தா கருகித் தொங்கும், கீரையை ஃப்ரீசர்ல வச்சு எடுத்த மாதிரி. ரெண்டாவது மொட்டு வரும், ஆனா அதுல காய் கம்மி. நவம்பர் நடுவு வரைக்கும் இந்த பயம் இருக்கும்.

மலை சூழ்ந்த பள்ளம்னா குளிர் காத்து தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு அடியில வந்து தேங்கும். மேகமில்லாத, காத்தில்லாத ராத்திரியில தரை ஜில்லுன்னு ஆயிடும், ஆனா பத்து மீட்டர் மேல போனா ரெண்டு மூணு டிகிரி சூடா இருக்கும். வேடிக்கையா இருக்கும் கேட்கறதுக்கு, ஆனா உண்மை. அந்தச் சூட்டை கீழ தள்ளத்தான் பெரிய காத்தாடி, பத்து மீட்டர் கம்பத்து மேல றெக்கை, ஒரு காத்தாடி அஞ்சாறு ஹெக்டேர் பார்த்துக்கும். காத்தாடி இல்லாதவங்க, இல்ல இருந்தும் போதாதவங்க ஹெலிகாப்டரை கூப்பிடுவாங்க, அது மேல இருக்கற சூட்டுக் காத்தை அமுக்கி கீழ அனுப்பும். மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல பில்லு வரும். எரிபொருள் சும்மா குடிக்கும், சத்தத்துல ஊரே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

மூணாவது வழி தண்ணி தெளிக்கறது. இதைக் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க, குளிர்ல உறையப் போற செடி மேல தண்ணி ஊத்துவாங்களான்னு. தண்ணி உறையும்போது சூட்டை வெளிய விடும், ஒரு கிராமுக்கு 80 கலோரி. தெளிச்சுக்கிட்டே இருந்தா துளிர் மேல பனிக்கட்டி கட்டிக்கிட்டே போகும், ஆனா உள்ள இருக்கற துளிர் பூஜ்யத்துலயே நிக்கும், கீழ இறங்காது. விடிஞ்சதும் போய் பார்க்கணுமே, தோட்டமே கண்ணாடி மாதிரி, ஒவ்வொரு துளிரும் கண்ணாடிக்குள்ள பச்சையா.

ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு, அதுல நாங்க விழுந்திருக்கோம். நான் மூணாவது சீசன்ல வேலை பார்த்த தோட்டம், பேர் வேணாம். அன்னிக்கு ராத்திரி என் முறை. தெர்மாமீட்டர் பிளஸ் ஒண்ணு காட்டுச்சு, மேனேஜர் சொல்லி வச்சது அரை டிகிரிக்கு வந்தா பம்பை போடுன்னு. சரின்னு வண்டிக்குள்ள ஹீட்டரைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன், அரை டிகிரி வந்ததும் போட்டேன், சரியாத்தான் போட்டேன். காலையில கீழ்ப் பக்கம் எட்டு வரிசை கருப்பு. என்னாச்சுன்னா அன்னிக்கு காத்து எலும்பு மாதிரி காய்ஞ்சிருந்தது, தண்ணி பட்டதும் உறையறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆவியாயிடுச்சு. உறையும்போது 80 கலோரி குடுக்கும், ஆவியாகும்போது கிட்டத்தட்ட 600 கலோரி புடுங்கும். குடுக்கறதை விட ஏழு மடங்குக்கு மேல எடுத்துக்குது. முதல் பத்து நிமிஷத்துல நாங்களே துளிரைக் கொன்னுட்டோம். காஞ்ச ராத்திரின்னா சாதா தெர்மாமீட்டரைப் பார்க்கவே கூடாது, ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் இருக்கு பாருங்க, அது பூஜ்யத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சா கட்டின பனி வெயில்ல உருகற வரைக்கும் நிறுத்தக்கூடாது, நடுவுல டீசல் தீர்ந்தா போச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ஹெலிகாப்டர் நியாயமான்னா, எனக்குப் பிடிக்கல. ஆனா அதைத் திட்டறதுக்கு முன்னாடி தோட்டத்தை எங்க போட்டான்னு பார்க்கணும். சரிவுல போட்டவனுக்கு குளிர் காத்து தானா வழிஞ்சு கீழ போயிடும், பாதி வருஷம் அவன் நிம்மதியா தூங்குவான். நிலம் சல்லிசா கிடைச்சுதுன்னு பள்ளத்தோட அடிமட்டத்துல போட்டவன்தான் அக்டோபர் பூரா ஹெலிகாப்டருக்கு அழறான். நட்ட அன்னிக்கே தப்பு நடந்தாச்சு, அதுக்கப்புறம் அம்பது வருஷம் எரிபொருள் எரிக்கறது அதுக்கு அபராதம். இன்னும் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. வரிசைக்கு நடுவுல புல்லை ஒட்ட வெட்டி மண்ணை ஈரமா வச்சா பகல் சூட்டை மண்ணு பிடிச்சு வச்சு ராத்திரி விடும், ஒரு டிகிரி வித்தியாசம் வரும். அந்த ஒரு டிகிரிதான் துளிரைக் காப்பாத்தும். ஆனா மண்ணு வளத்துக்கு, பூச்சிக்கு எல்லாம் புல்லும் பூவும் உசரமா இருக்கணும்ங்கறாங்க. ரெண்டும் சரி, ரெண்டையும் சேர்த்து பண்ண முடியாது. அதனால நிறைய பேர் உறைபனி பயம் போற நவம்பர் வரைக்கும் ஒட்ட வெட்டிட்டு அப்புறம் வளர விடுவாங்க.

கேள்வி: மழையே இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப தண்ணிக்கு? (டுனிடின்ல இருந்து, பேர் போட வேணாம்னு சொன்ன அக்கா)

பாசனம் இல்லாம அங்க ஒரு கொடி பிழைக்காது அக்கா, பழைய கொடிகள்ல சிலது தாக்குப் பிடிக்கும், அவ்ளோதான். மண்ணும் மணலும் சரளையும் சிஸ்ட்ங்கற ஏடு ஏடா உரியற கல்லும், ஊத்தினது நிக்காது. எல்லாருமே சொட்டு நீர்தான்.

இதுல ஒரு சரித்திரம் இருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். 1862-ல ஹார்ட்லி, ரெய்லின்னு ரெண்டு பேர் அங்க ஓடற க்ளூதா ஆத்துல இருந்து 87 பவுண்டு தங்கத்தை அள்ளிட்டு டுனிடின்ல கொண்டு போய் வச்சாங்க, உடனே ஊரே படையெடுத்துச்சு. தங்கத்தைக் கழுவ தண்ணி வேணும், அதுக்காக மலைச் சரிவுல மைல் கணக்குல வாய்க்கால் வெட்டினாங்க, தண்ணி உரிமை பத்திரம் வாங்கினாங்க. தங்கம் தீர்ந்துச்சு, பத்திரம் தீரல. அதே வாய்க்கால் தண்ணி ஆட்டுப் பண்ணைக்கு, பழத்தோட்டத்துக்கு, அப்புறம் திராட்சைக்குன்னு வந்துச்சு. கூட்டத்துல வந்த ஃபெரோங்கற பிரெஞ்சுக்காரர் 1864-ல கிளைட் பக்கம் திராட்சையே நட்டுட்டார், தங்கத்தை விட அதுதான் நீடிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, ஆனா அவருக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல யாரும் பெருசா கண்டுக்கல. வியாபாரத்துக்குன்னு பினோ நுவார் வெளிய வந்ததே 1987 ஒயின்லருந்துதான்.

அந்த தங்கக்காலத்து தண்ணி உரிமைகளுக்கு 1991-ல வந்த சட்டம் 30 வருஷம் கெடு வச்சுது, 2021 அக்டோபர் 1-ஆம் தேதியோட முடிஞ்சுது. இப்ப எடுக்கணும்னா ஒடாகோ வட்டார கவுன்சில்கிட்ட புதுசா அனுமதி வாங்கணும், ஆத்துல மீன் பிழைக்கற அளவு தண்ணி விட்டுட்டுத்தான் எடுக்கணும். தாத்தா காலத்து உரிமைன்னு சொல்லிட்டிருந்தவங்களுக்கு செம கடுப்பு, நான் நின்ன தோட்டத்துல மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தா வேற பேச்சே கிடையாது. என்னைக் கேட்டா இது எப்பவோ வந்திருக்க வேண்டியது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஹெக்டேருக்கு 2,700 கொடின்னு வச்சுக்குவோம், நடு வெயில்ல ஒரு கொடிக்கு நாளைக்கு 10 லிட்டர் விட்டா 27,000 லிட்டர். மேல சொன்னேனே பனிக்குத் தெளிக்கறது, அது மணிக்கு 3 மில்லிமீட்டர்னா ஹெக்டேருக்கு 30,000 லிட்டர். ஒரு நாள் முழுக்க கொடி குடிக்கறதை பனி ராத்திரி ஒரு மணி நேரத்துல கொட்டறோம். வசந்தத்துல பனி உருகி ஆத்துல தண்ணி நிறையா இருக்கும், கொட்டினதும் மண்ணுக்குள்ளதான் போகுதுன்னு சமாதானம் சொல்லலாம். பம்பு ஓடற கரண்டுக்கும் டீசலுக்கும் அந்த சமாதானம் செல்லாது.

கேள்வி: மருந்தே அடிக்காம திராட்சை வளர்க்க முடியுமா? சும்மா ரீல் விடாதீங்க. (ஹாமில்டன் வாசகர்)

ரீல் விடல, முடியாதுன்னுதான் சொல்றேன். ஆர்கானிக்காரங்களும் அடிக்கறாங்க, என்ன அடிக்கறாங்கங்கறதுதான் வித்தியாசம். அங்க முக்கியமான எதிரி சாம்பல் நோய், இலை மேல மாவு தூவின மாதிரி வரும், மத்த பூஞ்சை மாதிரி இதுக்கு மழை வேண்டாம், காஞ்ச ஊர்லயும் வரும். அதுக்கு கந்தகம், பழைய வைத்தியம், ஆர்கானிக்லயும் அனுமதி உண்டு. ஆனா கந்தகம் இலைக்கு மேல போர்வை மாதிரி உட்காருமே தவிர உள்ள போகாது, புது இலை வந்தா திரும்ப அடிக்கணும், பத்து நாளுக்கோ ரெண்டு வாரத்துக்கோ ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் டிராக்டர் ஓடணும், டீசல் எரியணும், மண்ணு அமுங்கணும். ரசாயன மருந்து அடிக்கறவர் இதை விட கம்மி தடவை போவார். யாரு சஸ்டெய்னபிள்? ரெண்டு பேரையும் பக்கத்துல உட்கார வச்சா ராத்திரி பூரா சண்டை போடுவாங்க, நான் பார்த்திருக்கேன், நடுவுல பாட்டில் இருந்ததுனால காலையில சமாதானம் ஆயிட்டாங்க.

களையும் அதே கதைதான். களைக்கொல்லி அடிச்சா ஒரு தடவையில முடிஞ்சுது, ஆனா கொடிக்கு அடியில மண்ணு மொட்டையாகி செத்துப்போகும். அடிக்காம கத்தி வச்ச கலப்பையை ஓட்டினா வருஷத்துக்கு நாலஞ்சு தடவை ஓட்டணும், மேல் வேரை வெட்டிரும், மொத ரெண்டு வருஷம் கொடி சோர்ந்து நிக்கும், அப்புறம் வேர் கீழ இறங்கும். எனக்கு கலப்பைதான் பிடிக்கும், இது என் கட்சி, எதிர்க்கட்சியிலயும் விவரமானவங்க இருக்காங்க. மொத்தத்துல சென்ட்ரல் ஒடாகோல ஆர்கானிக் பங்கு நாட்டு சராசரியை விட கணிசமா அதிகம், காரணம் கொள்கை மட்டும் இல்ல, காஞ்ச காத்து.

பூ விஷயமும் ஒண்ணு சொல்லணும். வரிசைக்கு நடுவுல பக்வீட்ங்கற தானியச் செடியை விதைச்சா அந்தப் பூவுல தேன் குடிக்க சின்னக் குளவி வரும், அது இலைசுருட்டிப் புழுவுக்குள்ள முட்டை வச்சு தீர்த்துக் கட்டிரும். லிங்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க வைபரா பகுதித் தோட்டங்கள்ல இதைச் செஞ்சு காட்டினாங்க, அங்கருந்து நிறைய இடத்துக்குப் பரவுச்சு. குளவிக்கு சம்பளம் கிடையாது, அதனால முதலாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: தோட்டத்துக்குள்ள ஆடு மேய்ற போட்டோ போட்டிருந்தீங்க. கொடியைத் தின்னாதா?

இலை இல்லாத குளிர்காலத்துல என்னத்தைத் திங்கும்? புல்லு, களை மட்டும்தான். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு மேய்ச்சல், இவருக்கு புல்வெட்டற டீசல் மிச்சம், கூடவே எரு. ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு. துளிர் வர்றதுக்கு முன்னாடி ஓட்டிட்டுப் போயிடணும், ஒரு வருஷம் நாலு நாள் லேட்டாச்சு, கீழ்க் கம்பி உசரத்துக்கு இருந்த மொட்டெல்லாம் சுத்தமா காலி.

கேள்வி: முயல் தொல்லைன்னு ஒரு வரியில எழுதிட்டு விட்டுட்டீங்களே? (இன்வர்கார்கில் தம்பி)

முயல் பத்தி ஆரம்பிச்சா இதழ் பத்தாது தம்பி. வெள்ளைக்காரங்க வேட்டையாட, கறிக்குன்னு கொண்டு வந்து விட்டது, காஞ்ச புல்வெளி அதுக்கு சொர்க்கம், மலையையே மொட்டையடிச்சுது. அதைப் பிடிக்கன்னு 1880-கள்ல ஸ்டோட், ஃபெரட்னு பார்க்க கீரிப்பிள்ளை மாதிரி இருக்கற ஜந்துக்களைக் கொண்டு வந்து விட்டாங்க, அதுங்க முயலை விட்டுட்டு பறக்கத் தெரியாத நாட்டுப் பறவைகளைத் தின்ன ஆரம்பிச்சுது. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கான கதை. 1997-ல முயலைக் கொல்ற வைரஸ் ஒண்ணை உள்ள விடலாமான்னு கேட்டப்போ அரசாங்கம் வேண்டாம்னுச்சு, ஆனா ஆகஸ்ட்லயே குரோம்வெல் பக்கம் முயல் செத்து விழுந்துச்சு, யாரோ திருட்டுத்தனமா கொண்டு வந்தாச்சு. செத்த முயலோட ஈரலை வீட்டு மிக்ஸியில அடிச்சு கேரட், ஓட்ஸ் மேல தடவி பரப்பினாங்க. கொஞ்ச வருஷம் எண்ணிக்கை குறைஞ்சுது, அப்புறம் மிச்ச முயலுக்கு எதிர்ப்பு சக்தி வந்துருச்சு. 2018-ல அரசாங்கமே அனுமதிச்சு வேற ரகம் வைரஸை விட்டுப் பார்த்தாங்க.

தோட்டத்துக்கு இதுல என்னன்னா, புதுசா நட்ட கொடியோட பட்டையை முயல் கடிச்சா அந்தச் செடி அவ்ளோதான். அதனால அடிப்பாகம் மண்ணுக்குள்ள போற மாதிரி வலைவேலி, ஒவ்வொரு செடிக்கும் பிளாஸ்டிக் உறை. அந்த உறையெல்லாம் ரெண்டு வருஷத்துல குப்பை, அது எங்க போகுதுன்னு நீங்க அடுத்து கேட்பீங்க, நல்ல தோட்டம் திரும்பக் கட்டி எடுத்து வைக்கும், மோசமான தோட்டத்துல அது காத்துல பறந்து பக்கத்து ஆத்துல மிதக்கும்.

கேள்வி: நாங்க பழைய திராட்சைக் கம்பத்தை வாங்கி வீட்டுல அடுப்பெரிக்கலாமா? சும்மா குடுக்கறாங்க. (குயின்ஸ்டவுன் வாசகி)

ஐயோ வேண்டாம்! அந்தக் கம்பம் பைன் மரம்தான், ஆனா அழுகாம இருக்க தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூணும் ஏத்தினது. எரிச்சா புகையும் விஷம், சாம்பலும் விஷம். குளிர் காய ஆசைப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க. ஒரு ஹெக்டேர்ல ஐநூறுக்கு மேல கம்பம் நிக்குது, உடைஞ்சது எல்லாம் மூலையில மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், எரிக்கவும் முடியாது, மக்கவும் மக்காது. பாதி நல்லா இருக்கறதை ஆட்டுப் பண்ணை வேலிக்கு மறுபடி பயன்படுத்தறாங்க, அதுக்கு வேணா வாங்கிக்குங்க. ஒரு தோட்டத்தை சுத்திக் காட்டும்போது இந்தக் குவியல் பக்கம் கூட்டிட்டுப் போறாங்களான்னு கவனிங்க.

கேள்வி: கனமான பாட்டில்னா நல்ல ஒயின்னு எங்க மாமா அடிச்சுச் சொல்றார்.

மாமாகிட்ட சொல்லுங்க, கனம் கண்ணாடியோடது. லேசான பாட்டில் 420 கிராம் சுத்தி இருக்கும், கெத்துக்காகப் பண்ற பாட்டில் 800 கிராம் கூட வரும், உள்ள ரெண்டுலயும் அதே 750 மில்லிதான். கண்ணாடி உருக்கறதும் அதைக் கப்பல்ல உலகம் பூரா அனுப்பறதும்தான் ஒரு பாட்டில் ஒயினோட கார்பன் கணக்குல பெரிய பங்கு. தோட்டத்துல ஒவ்வொரு சொட்டு டீசலா மிச்சம் பிடிச்சதை ஒரு தடி பாட்டில்ல போட்டு ஊத்தி மூடற ஆளுங்க இருக்காங்க.

கேள்வி: அண்ணா, வர்ற குளிர்காலத்துல குரோம்வெல்ல கவாத்து வேலைக்குப் போறேன். என்ன எதிர்பார்க்கலாம்? (வொர்க்கிங் ஹாலிடே விசால வந்திருக்கற தம்பி)

கவாத்துன்னா பழைய குச்சியை வெட்டி விடறது, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்த வேலை. கூட வேலை பார்க்கறவங்கள்ல வனுவாட்டு மாதிரி பசிபிக் தீவுக்காரங்க நிறைய இருப்பாங்க, 2007-ல ஆரம்பிச்ச சீசன் வேலைத் திட்டத்துல வர்றவங்க, அவங்க கை வேகத்தைப் பார்த்துக் கத்துக்குங்க, போட்டி போடாதீங்க, தோத்துருவீங்க. கொடிக் கணக்குல கூலி பேசினாலும் மணிக் கணக்குல சட்டம் சொல்ற குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ குடுக்கக் கூடாது, சம்பளச் சீட்டை வாரா வாரம் பாருங்க, தங்கற இடத்துக்கு எவ்வளவு பிடிக்கறாங்கன்னும் முன்னாடியே எழுத்துல வாங்கிக்குங்க. மேல நான் சொன்ன சான்றிதழ்ல வேலைக்காரங்களை நடத்தறதும் ஒரு பகுதிதான், அதனால கேட்கறதுக்குக் கூச்சப்பட வேண்டாம்.

காலையில மைனஸ் அஞ்சு இருக்கும், வெட்டின குச்சியை கம்பியில இருந்து இழுக்கும்போது அது சாட்டை மாதிரி முகத்துல அடிக்கும், கண்ணாடி கட்டாயம் போடுங்க. கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்குங்க, ஒண்ணு பத்து மணிக்குள்ள நனைஞ்சிரும். கத்திரிக்கோலை ராத்திரி வண்டியில விட்டுட்டு வந்துராதீங்க, காலையில திறக்காது, வீட்டுக்குள்ள கொண்டு போய் எண்ணெய் விட்டு வைங்க.